நெசவாளர் நால்வரின் விடைபெறு விழா

1980ஆம் ஆண்டு, நவம்பர் 28, 29 தேதிகள். நியூயார்க் நகரின் கார்னெகி மண்டபம். ரீகன் ஜனாதிபதித் தேர்தலில் வென்று நான்கு வாரங்கூட ஆகவில்லை. சீமான்களின் மாளிகைகளில் விருந்து நடந்துகொண்டிருந்த அந்த நாளிலே, வெளுத்த தலையும் தளர்ந்த உடலுமாக நான்கு பேர் மேடைக்கு வந்தார்கள். ஒருவர் நடந்து வரவில்லை. சக்கர நாற்காலியிலே வந்தார். சர்க்கரை நோய்க்கு இரண்டு கால்களையும் பறிகொடுத்தவர் அவர். மண்டபம் முழுவதும் எழுந்து நின்றது. யார் இவர்கள்? மன்னாதி மன்னர்களா? கோடீசுவரர்களா? இல்லை தோழர்களே, நாட்டுப்பாட்டுக்காரர்கள்!

பீட் சீகர், லீ ஹேய்ஸ், ரானி கில்பர்ட், பிரெட் ஹெல்லர்மன். இந்த நால்வரும் 1948ஆம் ஆண்டின் இறுதியிலே சேர்ந்து அமைத்த குழுவுக்கு 'வீவர்ஸ்', அதாவது நெசவாளர்கள் என்று பெயர். தறியில் உட்கார்ந்தவர்கள் அல்லர். பின் ஏன் இந்தப் பெயர்? 1844இல் சைலீசியாவிலே பசி பொறுக்காமல் கிளர்ந்தெழுந்த நெசவாளர்களைப் பற்றி ஜெர்மானிய நாடகாசிரியர் ஹாப்ட்மன் எழுதிய நாடகத்தின் பெயர் அது. பெர்லின் போலீஸ் தடை விதித்துப் பார்த்த நாடகம். நூலுக்கும் கூலிக்கும் நித்தமும் மல்லுக்கு நிற்கிற நம் கைத்தறித் தோழர்களுக்கு இந்தப் பெயரின் பொருளை விளக்கிச் சொல்ல வேண்டுமா என்ன?

அந்த விடைபெறு கச்சேரியை நாம் நேரில் கண்டவர்கள் அல்லர். ஜிம் பிரௌன் படமாக்கி 1982இல் வெளிவந்த சித்திரத்தின் வாயிலாகவே கண்டோம், கேட்டோம். கண்டபின் நம் தோழர்களிடம் சில வார்த்தைகள் பேசியே தீரவேண்டும் என்று தோன்றியது.

கதையை 1949இலிருந்து சொல்வோம். பீக்ஸ்கில் என்ற ஊருக்கருகே கறுப்பினப் பெரும் பாடகர் பால் ராப்சன் பாடுவதாக ஏற்பாடு. ஆகஸ்ட் மாதம் முதல் முறை கூடியபோது காலிக் கும்பல் புகுந்து அடித்து நொறுக்கியது. கச்சேரி நடக்கவில்லை. விட்டார்களா? செப்டம்பர் 4ஆம் தேதி மறுபடியும் கூடினார்கள். தொழிற்சங்கத் தோழர்கள் ஆயிரக்கணக்கில் வந்து, தோளோடு தோள் சேர்த்து மனித மதிலாக மைதானத்தைச் சுற்றி நின்றார்கள். உள்ளே ராப்சன் பாடினார், சீகரும் பாடினார். முடிந்து திரும்பும் வழியிலேதான் கல்மாரி! சாலையின் இருபுறமும் கற்களைக் குவித்து வைத்துக் காத்திருந்தவர்கள், பெண்டு பிள்ளைகள் இருந்த கார்கள் மீதும் பஸ்கள் மீதும் வீசினார்கள். போலீசார் வேடிக்கை பார்த்தார்கள். (எந்த நாட்டுப் போலீசானால் என்ன!) சீகர் தம் குடும்பத்தோடு வந்த காருக்குள்ளும் கற்கள் விழுந்தன. அவற்றில் சிலவற்றை எடுத்துச் சென்று, தாமே கட்டிய வீட்டின் புகைபோக்கியிலே பதித்து வைத்தார்.

அதே ஆண்டின் கடைசியில் 'வில்லேஜ் வான்கார்ட்' என்ற சிறு கேளிக்கை விடுதியிலே நால்வருக்கும் பாட இடம் கிடைத்தது. வயிற்றுப்பாட்டுக்காகப் பிடித்த இடம். ஆனால் கூட்டம் பெருகிற்று, இசைத்தட்டுக் கம்பெனி தேடி வந்தது. 1950இல் அவர்கள் பாடிய 'குட்நைட் ஐரீன்' 13 வாரம் அமெரிக்காவின் முதல் பாட்டாக விளங்கியது. அந்தப் பாட்டை அவர்களுக்குத் தந்தவர் லெட்பெல்லி என்ற கறுப்பினப் பாடகர். லூயிசியானாச் சிறையிலே கைதியாக இருந்தபோது அவருடைய குரலைப் பதிவு செய்தார்கள். பாட்டு நாடெங்கும் ஒலித்தது, பணம் கொட்டியது, லெட்பெல்லியோ 1949 டிசம்பரிலேயே கண்ணை மூடிவிட்டார். ஏழையின் வீட்டுக் கதவை அதிர்ஷ்டம் எப்போதும் காரியம் முடிந்த பிறகுதான் தட்டும் போலும்!

அப்போது இயக்கத்துக்குள்ளேயே சிலர் முகஞ்சுளித்தார்கள். வயலினும் வாத்திய கோஷ்டியும் சேர்த்துப் பாட்டை இனிப்பாக்கி விட்டார்கள், சந்தைக்கு விலைபோய் விட்டார்கள் என்று குற்றஞ்சாட்டினார்கள். நாம் அதை ஏற்கவில்லை. பாட்டு பத்துப் பேர் அமரும் அறையிலே கிடந்தால் தூய்மை, பத்து லட்சம் பேர் காதுக்குப் போனால் துரோகமா? அந்த வயலினைக் கேட்டுப் பயந்தவர்கள் வேறு யாருமல்ல, ஆளவந்தார்களே!

ஆம், பயந்தார்கள். 1950 ஜூன் மாதம் 'ரெட் சானல்ஸ்' என்ற கறுப்புப் பட்டியல் வெளிவந்தது. 151 பெயர்கள், அதிலே சீகர் பெயரும் இருந்தது. 1952இல் ஹார்வி மாட்டுசோ என்ற காட்டிக்கொடுக்கும் ஆசாமி சாட்சிக் கூண்டேறி, இவர்கள் கம்யூனிஸ்டுகள் என்று சொன்னான். ரேடியோ கதவை மூடிற்று. மண்டபக்காரர்கள் கையை விரித்தார்கள். நாட்டின் முதல் பாட்டைப் பாடிய நால்வரும் பாட இடமின்றிக் கலைந்தார்கள். பின்னாளில் அந்த மாட்டுசோவே, தான் சொன்னதெல்லாம் பொய் என்று புத்தகம் எழுதி, பொய்ச்சாட்சிக் குற்றத்துக்காகச் சிறைக்கும் போனான். ஆனால் பறித்த பிழைப்பை யார் திருப்பிக் கொடுத்தார்கள்?

1955 ஆகஸ்டிலே 'அமெரிக்க விரோத நடவடிக்கை' விசாரணைக் கமிட்டியின் முன் ஹேய்சும் சீகரும் நிறுத்தப்பட்டார்கள். தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்ல வேண்டியதில்லை என்ற அரசியல் சட்டப் பாதுகாப்பை ஹேய்ஸ் எடுத்துக்கொண்டார். அதில் தவறேதும் இல்லை. சீகர் அந்தக் குடையின் கீழும் ஒதுங்க மறுத்தார். என் பாட்டுகளைப் பற்றிக் கேளுங்கள், வேண்டுமானால் பாடியே காட்டுகிறேன்; யார் முன்னிலையில் பாடினேன், என் நம்பிக்கை என்ன என்று கேட்கும் உரிமை எவருக்கும் இல்லை என்ற கருத்தில் பதில் சொன்னார். பலன்? 1961இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை! 1962 மே மாதம் மேல் கோர்ட்டிலே அது ரத்தாயிற்று. ஏழாண்டுகள் ஒரு பாடகனின் தலைக்குமேல் கத்தி தொங்கிக்கொண்டிருந்தது.

இதற்கிடையே 1955 டிசம்பர் 24 அன்று இதே கார்னெகி மண்டபத்தில் நால்வரும் மறுபடி கூடிப் பாடியதும், மண்டபம் நிரம்பி வழிந்ததும் தனிக் கதை. 1958இல் சீகர் குழுவை விட்டு விலகினார். சிகரெட் விளம்பரத்துக்குப் பாடுவதா என்பதிலே கருத்து வேற்றுமை. அவர் இடத்துக்கு வேறு பாடகர்கள் வந்தார்கள். 1962 ஜனவரியிலே, ராஜவிசுவாசப் பத்திரத்தில் கையெழுத்திட்டால்தான் டெலிவிஷனில் பாடலாம் என்றபோது, கையெழுத்திட மறுத்துத் திரும்பியது குழு. 1964இல் கலைந்தது.

இத்தனையும் மனதில் வைத்துக்கொண்டுதான் அந்த 1980ஆம் ஆண்டு மேடையைப் பார்க்க வேண்டும். ஹேய்சின் உடல் ஒடுங்கியிருந்தது; கட்டைக் குரல் மட்டும் ஒடுங்கவில்லை. ஆர்க்கன்சாவிலே பாதிரியார் மகனாகப் பிறந்து, தொழிலாளர் கல்லூரியிலே பாடம் சொன்னவர். சுத்தியலைப் பற்றிய புகழ்பெற்ற பாட்டைச் சீகரோடு சேர்ந்து 1949இல் படைத்தவர். தேர்தல் முடிவைப் பற்றி அவர் அழவுமில்லை, ஆவேசப்படவுமில்லை. இதுவும் போகும், எனக்குச் சிறுநீரகக் கல் வந்ததுண்டு, எனக்குத் தெரியும் என்ற பொருளில் ஒரு நையாண்டி! மண்டபம் குலுங்கிச் சிரித்தது. ரானி கில்பர்ட்டோ, தையல் தொழிலாளியும் சங்கப் போராளியுமான தாயின் மகள். மூன்று ஆண் குரல்களுக்கு நடுவே தலையை நிமிர்த்திக்கொண்டு அவர் பாடும்போது, எதிரே ஒலிபெருக்கி எதற்கு என்று நாம் நினைத்தோம். ஹெல்லர்மன் அதிகம் பேசவில்லை. கித்தாரிலே மற்ற மூவரையும் தாங்கிக்கொண்டிருந்தார். சீகர் பாஞ்சோவைத் தூக்கிப் பிடித்தவுடன் கூட்டமே பாடத் தொடங்கிவிடுகிறது. அவர் குரலே கேட்கவில்லை. அதற்குத்தான் அவர் ஆசைப்பட்டார்!

இனி நம் வீட்டுக்கு வருவோம். நம் கூட்டங்களிலே பாடகருக்கு நாம் தரும் இடம் என்ன? தலைவர் வரும்வரை பாடு! கார் விளக்கு தெரிந்ததும் நிறுத்து! அனுபல்லவியிலே பாதியில் வெட்டப்பட்ட பாட்டுகள் எத்தனை? கூட்டம் கலைந்தபின் தப்பும் தவிலும் தோளில் சுமந்து, கடைசிப் பஸ்ஸையும் விட்டுவிட்டு, பந்தல் காலடியிலே படுத்துறங்கிய பாடகர்கள் எத்தனை பேர்? தேர்தலுக்குத் தேர்தல் அழைக்கிறோம். தொண்டை கட்டிப்போன பிறகு தேடிப் போகிறோமா? அமெரிக்காவிலே கல்லெறிந்தவன் எதிரி. இங்கே மறந்துபோகிறவர்கள் நாமே, தோழர்களே. ஒவ்வொரு கிளையும் தன் ஊர்ப் பாடகர்களின் பெயரை எழுதிக்கொள்ளட்டும். வழிச்செலவும் சாப்பாடும் முன்கூட்டியே கையில் கொடுக்கட்டும். பாட்டுக்கு ஒதுக்கிய நேரத்தை நோட்டீசிலே அச்சிடட்டும். பாட்டு முடியும்வரை தலைவர் கீழே நின்றால் தலைவருக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

நால்வரில் இன்று ஒருவரும் இல்லை. சீகர் 94ஆம் வயதில் 2014 ஜனவரியிலும், ரானி கில்பர்ட் 2015இலும், ஹெல்லர்மன் 2016இலும் மறைந்தனர். முதலில் போனவர் ஹேய்ஸ். கார்னெகி மண்டபத்துக்குப் பின் 1981 ஜூனில், ஹட்சன் ஆற்றங்கரை விழாவிலே நால்வரும் இன்னொரு முறை கூடிப் பாடினார்கள். ஆகஸ்ட் 26 அன்று அவர் உயிர் பிரிந்தது.  தம் சாம்பலைத் தோட்டத்து எருக்குழியிலே கலந்துவிடச் சொன்னார். அப்படியே கலந்தார்கள்.