யாருடைய உடம்புக்காக?

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வங்கிக் கிளையில் இப்போது அரிசியைப் பற்றித்தான் பேச்சு. ஒருத்தர் டப்பாவில் மாப்பிள்ளைச் சம்பா. இன்னொருத்தர் குதிரைவாலிக்கு மாறிவிட்டார். 'எங்க வீட்ல எல்லாமே ஆர்கானிக்தான் சார்' என்கிறார். ஏன் என்று கேட்டேன். சர்க்கரை வியாதி, பிள்ளைகள் உடம்பு, அப்புறம் 'நம்ம தாத்தா பாட்டி சாப்பிட்ட சாப்பாடு'. மண் கெடுகிறது, தண்ணீர் கெடுகிறது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. பல நாடுகளில் வாங்குகிறவர்களிடம் விசாரித்த ஆய்வுகள் பலவும் இதையேதான் சொல்கின்றன. சொந்த உடம்பு முதல் காரணம். சுற்றுச்சூழல் அதற்குப் பின்னால்.

என் அப்பா கூலிக்கு மருந்து அடித்தவர். ஊரில் யாரும் அதைப் பூச்சிக்கொல்லி என்று சொன்னதில்லை, மருந்துதான். முதுகில் டேங்க், மூக்கைச் சுற்றித் துண்டு, வெறுங்கால். சாயங்காலம் வந்து வாந்தி எடுப்பார். 'காத்துக்கு எதுக்க நின்னுட்டேன்' என்று பழியைத் தன்மேலேயே போட்டுக்கொள்வார். 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலிகளுமாக 20க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். அந்தச் சாவைச் சொல்லி எந்தக் கடையும் அரிசி விற்பதில்லை.

கடை விற்பது வேறு. பாக்கெட்டின் மேல் மாடு, ஓட்டு வீடு, கோலம். 'பாரம்பரியம்', 'சுத்தம்'. இந்த வார்த்தைகளை நமக்குத் தெரியாதா? டீக்கடையில் தனிக்குவளை வைத்ததும் இதே சுத்தத்துக்காகத்தான். என் பாட்டி கேழ்வரகுக் கூழ் குடித்தது அதில் நார்ச்சத்து இருக்கிறது என்று யாரோ சொன்னதால் அல்ல. நாத்து நட்டவளுக்கு நெல்லுச்சோறு நல்ல நாளைக்குத்தான். பஞ்சகவ்யத்துக்கு மாட்டின் சாணமும் மூத்திரமும் ஆகும். அதன் கறியைப் பற்றி அந்தக் கடைகளில் வாய் திறந்து பாருங்கள்.

அதற்காக, இயற்கை விவசாயமே மேல்சாதி மோசடி என்று தள்ளிவிடலாமா? நம் தோழர்கள் சிலர் அப்படித்தான் பேசுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. மருந்து இல்லாத வயலால் முதலில் பிழைப்பது அதில் இறங்கி வேலை செய்கிறவன்தான். சாப்பிடுகிறவன் அப்புறம். இதை நாம் ஏன் அடுத்தவர்களிடம் விட்டுவிட்டோம்?

களைக்கொல்லி அடிக்காத வயலில் களை கூடுதல், குனிகிற பெண்களும் கூடுதல். அவர்களுக்கு என்ன கூலி? இயற்கை வேளாண்மை இயக்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு 2005இல் ஏற்றுக்கொண்ட நான்கு கோட்பாடுகளில் நியாயமும் ஒன்று. பாக்கெட்டில் முத்திரை இருக்கிறது, கூலிக்கணக்கு இல்லை. நிலத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 2011 கணக்குப்படி நாட்டு மக்களில் பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் சாகுபடிப் பரப்பில் அவர்கள் கையில் இருந்தது 9 சதவீதத்துக்கும் குறைவு. கவுண்டரில் உட்கார்ந்து பார்க்கிறேனே, பயிர்க்கடனுக்குச் சிட்டா அடங்கலோடு வருகிற சேரிக்காரர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நகைக்கடன் வரிசையில் நிறையப் பேரைப் பார்க்கலாம்.

போன மாதம் ஒரு கடையில் கேட்டேன்: 'இந்த நெல்லுக்குக் களை எடுத்தவங்களுக்கு என்ன கூலிங்க?' கடைக்காரர் சிரித்தார். 'மருந்து அடிச்சதான்னு கேப்பாங்க, கல்லு இருக்கான்னு கேப்பாங்க. இத நீங்கதான் சார் மொத மொத கேக்குறீங்க.'

அவர் சொன்னது நிஜம். வாங்குகிறவன் கேட்பதற்குத்தான் கடைக்காரன் பதில் தயார் செய்து வைப்பான். மாணவத் தோழர்கள் ஊருக்கு ஊர் பத்துப் பேர் போய் இதையே கேளுங்கள். அடுத்த மாதம் நானும் அந்தக் கடைக்குத் திரும்பப் போகிறேன்.