டீக்கடையில் நின்றுபோன புத்தகக் கட்டு

எங்க தெருவுக்குத் தபால்காரர் வரமாட்டார். ஊர்த்தெரு டீக்கடையில் போட்டுட்டுப் போயிருவார். பத்தாவதோடு நின்னு செங்கல் சூளைக்குப் போன நான், திறந்தவெளித் திட்டத்தில் நேராக பி.ஏ. சேர்ந்தேன். முதல் புத்தகக் கட்டு மூணு வாரம் அந்தக் கடையில் கிடந்தது. போய்க் கேட்டேன். 'உனக்கெதுக்குடா இம்மாம் பொஸ்தகம்?' என்றார் கடைக்காரர். கையில் தரவில்லை, திண்ணையில் போட்டார். ரெண்டு தாள் வடை மடிக்கப் போயிருந்தது.

எல்லோருக்கும் கல்வி என்று மேடையில் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் அந்தத் திண்ணைதான் நினைவுக்கு வருது.

இந்தியாவின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1982-இல் ஹைதராபாத்தில் வந்தது. 1991-இல் அதற்கு அம்பேத்கர் பெயர் வைத்தார்கள். 1985-இல் டெல்லியில் இந்திரா காந்தி பெயரில் ஒன்று. 2002-இல் நம் மாநிலத்துக்கும் ஒன்று. வாசலில் 'திறந்தநிலை' என்று எழுதியாச்சு. உள்ளே போய்ப் படிச்சு வெளியே வந்தவன் கதி என்ன? பத்தும் பன்னிரண்டும் முறைப்படி முடிக்காமல் திறந்தவெளியில் வாங்கிய பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்று 2009-இல் தமிழக அரசு ஆணை போட்டது. பள்ளிப்படிப்பை யார் பாதியில் விடுறாங்க? சூளைக்கும் வயலுக்கும் போகிற எங்க பிள்ளைகள்தானே? ஒரு கையால் கதவைத் திறந்து மறு கையால் தாழ்போடுவதற்குப் பேர் சமூக நீதியா?

தரம் கெட்டுப்போகும் என்கிறார்கள். பகலெல்லாம் கல் அறுத்துட்டு, ராத்திரி சிம்னி விளக்கில் படிச்சு, ஒருநாள் கூலியை விட்டுட்டு பஸ் ஏறிப்போய்ப் பரீட்சை எழுதியவனிடம் தரத்தைப் பற்றிப் பேச இவர்களுக்கு என்ன தகுதி?

இப்போ எல்லாமே போனில் வந்துருச்சு என்கிறார்கள். 2017-இல் மத்திய அரசு 'ஸ்வயம்' தொடங்கியது. பாடம் இலவசம், சான்றிதழுக்குப் பரீட்சை எழுதக் கட்டணம். பாடங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில். வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போயிரும் என்றால் அந்த வீட்டுப் பொண்ணு எதில் படிப்பாள்? டீக்கடைத் திண்ணை இப்போ கண்ணாடித் திரையாக மாறியிருக்கு, அவ்வளவுதான்.

தோழர்களே, 'திறந்த கல்வி வளங்கள்' என்ற பெயரை யுனெஸ்கோ கூட்டம் 2002-இல் பாரிஸில் வைத்தது. அதைச் சும்மா கிடைக்கும் பாடம் என்று மட்டும் புரிஞ்சுக்கக் கூடாது. படியெடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், திருத்தலாம், சேர்க்கலாம். அதற்கு முன்கூட்டியே உரிமம் தந்திருக்கும். இலவசம் தானம், அவன் நினைச்சா நிறுத்திருவான். திருத்தும் உரிமைதான் நமக்கு வேணும். நான் படிச்ச வரலாற்றுப் புத்தகத்தில் பண்ணையடிமைகளுக்கு அரை வரி. மீதி வரலாற்றை யார் எழுதுவது? நாமதான்.

ஆகவே கேட்கிறேன். மக்கள் வரிப்பணத்தில் எழுதிய பாடமெல்லாம் திறந்த உரிமத்தோடு தமிழில் வரணும். அச்சிட்ட பிரதி சேரி நூலகத்துக்கே வந்து சேரணும். திறந்தவெளிப் பட்டத்துக்குச் சம மதிப்பு வேணும். தொலைநிலைக் கல்வியைக் காட்டிக் கல்லூரியில் எங்க இடத்தைக் குறைக்கவும் விடமாட்டோம். அதுவும் வேணும், இதுவும் வேணும்.

அந்த ரெண்டு தாள் இல்லாமலேதான் பரீட்சை எழுதினேன். பாஸ் பண்ணினேன். எங்க பிள்ளைகள் முழுப் புத்தகத்தோடு எழுதட்டும்.