ஆரணியாரின் ஆனந்தஸிங்

வேலூருக்குத் தெற்கேயுள்ள ஆரணி என்றதும் நேயர்களுக்குப் பட்டுப் புடவைதான் நினைவுக்கு வரும். அவ்வூர்ப் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக் கொண்ட ஒருவர், இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் வீடுகளில் நடுநிசி வரை விளக்கு அணையாதபடி செய்தார். அவரே ஆரணி குப்புசாமி முதலியார். 1915-ல் தோன்றிய 'ஆனந்தபோதினி'யின் ஆசிரியர் பணியிலிருந்து, 1925-ல் காலமாகும் வரை நாவல்களை எழுதிக் குவித்தார்.

அவற்றுள் பெரும்பாலானவை தழுவல்கள். ஐரிஷ் வமிசத்தவரான கானன் டாயில் 1859-ல் எடின்பரோவில் பிறந்து, வைத்தியம் பயின்று, கதையுலகில் புகுந்தவர். அவர் தம் ஷெர்லாக் ஹோம்ஸை 1910-ல் லண்டன் நாடக மேடையில் ஏற்றினார். 1917-ல் எழுதிய கதையில் ஜெர்மானிய ஒற்றனையும் பிடிக்க வைத்தார். அந்த ஹோம்ஸின் சாயலில் முதலியார் படைத்த துப்பறிவாளரே ஆனந்தஸிங். இதே காலத்தில் ஜே. ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' முதலிய துப்பறியும் நாவல்களும் மேடையேறின. அவருடைய 'சந்திரகாந்தா' 1936-ல் பேசும் படமாகவும் வந்தது.

இரவல் சரக்கு என்று இவற்றைத் தள்ளிவிடலாமா? முதலியார் பிறந்த அதே வட ஆற்காடு ஜில்லாவில்தான் ஆம்பூரும் வாணியம்பாடியும் இருந்தன. அங்கே தோல் பதனிடுவோர் வெளியூர்களிலிருந்து வந்த பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, ரோமம் நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் பக்குவப்படுத்தினார்கள். தோல் எவ்வூருடையதாயினும் பதம் அவர்களுடையதே. அவ்வாறே, இங்கிலீஷ் அறியாதவர்களும் ஆவலோடு படிக்கும்படி கதையைப் பதப்படுத்தித் தந்தது முதலியாரின் கைத்திறமைதான். எழுத்துக் கூட்டிப் படித்தவர்களை ஏடு முடியும் வரை படிக்க வைத்தது சிறிய தொண்டன்று.

ஆனால் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. தோல் வியாபாரி, சரக்கு வந்த இடத்தைக் கணக்கில் எழுதி வைப்பான். அக்காலத்துத் தழுவல் ஆசிரியர்களில் பலரோ மூல நூலின் பெயரைக்கூடக் குறிப்பிடாமல் விட்டார்கள். இதனால் நஷ்டம் மூல ஆசிரியருக்கு மட்டுமல்ல. கடன் பெற்றதை மறைத்தவன், சொந்தமாகச் சம்பாதித்ததையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடுகிறான். வெளிநாட்டுக் கதையைத் தமிழ்ப் படமாகவும் தொடராகவும் ஆக்குவோர் இன்றும் இதை மனத்தில் கொள்வது நல்லது.

அந்தப் பழைய நாவல்களில் இரவல் எவ்வளவு, ஆசிரியரின் சொந்தக் கற்பனை எவ்வளவு என்று கண்டுபிடிக்க இப்போது இன்னோர் ஆனந்தஸிங் அல்லவா வர வேண்டியிருக்கிறது!