வீட்டில் வெல்டிங் பழகும் பொடியனுக்கு எதிராக முறைப்பாடு செய்தவர்களுக்கு



நீளமான பதிவுதான். முழுக்க வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

சென்ற வாரம் எங்கள் பகுதியில் பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு முறைப்பாடு போயிருக்கிறது. உயர்தரம் எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் ஒரு பொடியன், பின்வளவில் தகரக் கொட்டில் ஒன்றுக்குள் சின்ன இன்வேர்ட்டர் பிளாண்ட் ஒன்றை வைத்துக்கொண்டு வெல்டிங் பழகுகிறான். சத்தம், வெளிச்சம், புகை என்று அயலவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மூன்றும் உண்மைதான், அதைப் பற்றிப் பிறகு பேசுவோம். ஆனால் அவர்களில் ஒருவர் சொன்ன இன்னொரு கதைதான் எங்களை எழுத வைத்தது.

"படிச்ச பொடியன் சேர், இப்ப இரும்பு ஒட்டிக் கிடக்கான். கேட் ஒண்டு செஞ்சாலும் பரவாயில்ல. தகட்ட ஒட்டுறான், பிறகு அவனே அடிச்சு உடைக்கான், திரும்ப ஒட்டுறான். பைத்தியமா புடிச்சிருக்கு?"

நாங்கள் இரண்டு ஆசிரியர்கள் போய்ப் பார்த்தோம். கட்டாரில் நீண்ட காலம் வெல்டராக இருந்து ஊர் திரும்பிய ஒரு காக்காவையும் கூட்டிப் போனோம். அவனுக்குப் பைத்தியமில்லை. அவன் செய்தது பரீட்சைக்கான பயிற்சி.

அவன் உடைப்பது ஏன் என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம். ஒரு தகட்டின் மேல் இன்னொரு தகட்டைச் செங்குத்தாக நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் ஒட்டுகிறான். ஆறிய பிறகு ஸ்லாக்கைத் தட்டிக் கழற்றிவிட்டு, ஒட்டாத பக்கத்திலிருந்து சுத்தியலால் அடித்து நின்ற தகட்டை மடக்குகிறான். ஒட்டு உடையாமல் தகடு படிந்து மடங்கினால் நல்லது. உடைந்தால் உள்ளே பார்க்கிறான். ஸ்லாக் அகப்பட்டிருக்கிறதா, காற்றுத் துளைகள் இருக்கின்றனவா, மூலைவரை இரும்பு உருகிச் சேர்ந்திருக்கிறதா என்று. வெளியே மீன் செதில் மாதிரி அழகாக இருந்த ஒட்டு, உள்ளே மூலையைத் தொடாமலே இருக்கும். உடைத்துப் பார்க்காமல் அதைக் கண்டுபிடிக்க அவனிடம் எக்ஸ்ரே கருவியா இருக்கிறது?

"கடையில போய் பழகட்டுமே" என்கிறீர்கள். கடையில் என்ன நடக்கிறது என்று காக்கா சொன்னார். முதல் வருஷம் கிரைண்டர் பிடிப்பதும் கறள் உரசுவதும் பெயின்ட் அடிப்பதும். பிறகு கேட், யன்னல் கம்பி, கூரை. எல்லாம் மெல்லிய பொக்ஸ் பார், 6013 ரொட், முடிந்தவரை மேசையில் படுக்கப் போட்டு ஒட்டுவது. பாஸைக் குறை சொல்ல முடியாது. அவர் நாட்கூலி கொடுக்கிறார், கேட்டை முடித்துக் கொடுக்க வேண்டும். ஒரு பொடியன் நாள் முழுக்க ரொட்டை எரித்து உடைத்துப் பழக அவர் இடம்கொடுக்க மாட்டார்.

ஆனால் வெளிநாட்டுக் கம்பனியின் டெஸ்டில் யாரும் கேட் செய்யச் சொல்வதில்லை. தடித்த தகடு இரண்டின் விளிம்பைச் சரித்து வெட்டி வீ வடிவப் பள்ளமாக்கித் தருவார்கள். அதைச் சுவர் மாதிரி நிறுத்திக் கீழிருந்து மேலாக ஒட்டவேண்டும். அது 3ஜீ. தலைக்கு மேலே வைத்து ஒட்டுவது 4ஜீ. குழாயை 45 பாகை சரிவில் அசையாமல் பூட்டிவிட்டு, ஆள் சுற்றி வந்து ஒட்டுவது 6ஜீ. ரொட்டும் பெரும்பாலும் 7018. அது ஈரம் பட்டால் கெட்டுப்போகும், ஆர்க்கைக் கிட்டப் பிடிக்காவிட்டால் ஒட்டில் துளை விழும். முடிந்ததும் அந்தத் தகட்டைக் கீலமாக வெட்டி யூ மாதிரி வளைப்பார்கள். வளைந்த இடத்தில் அளவுக்கு மேல் வெடிப்புத் தெரிந்தால் பெயில். அங்கே யாரும் உங்கள் வாப்பா யார் என்று கேட்பதில்லை.

எங்கள் பொடியன்கள் நாலைந்து வருஷம் கடையில் நின்றும் ஹெல்பராகப் போவது இதனால்தான். கைவேலை தெரியாமல் அல்ல. டெஸ்டில் கேட்பதை ஒரு நாளும் செய்து பார்க்காததால். ஒரே தளத்தில் ஒரே வெயிலில் வெல்டரும் ஹெல்பரும் நிற்கிறார்கள், சம்பளம் மட்டும் வேறு. வட்டிக்கு எடுத்த காசில் விமானம் ஏறியவனுக்கு அந்த வித்தியாசம் தெரியும். அவன் பிள்ளைகளுக்கும் தெரியும்.

இனி எங்கள் பக்கத்துக் குற்றத்தையும் சொல்ல வேண்டும். வகுப்பில் "படிக்காட்டி வெல்டிங் கடைக்கித்தான் போகணும்" என்று சொன்னவர்கள் யார்? நாங்கள்தான். ஆசிரியர்கள்தான். கணக்கில் இருபது புள்ளி எடுத்தவனை எழுப்பி நிறுத்தி அப்படிச் சொல்லியிருக்கிறோம். தகட்டின் தடிப்பைப் பார்த்து அம்பியரை மாற்றுவதும், சரிவை அளந்து வெட்டுவதும், சூட்டில் இரும்பு எந்தப் பக்கம் இழுபடும் என்று முன்கூட்டியே கணக்குப் பார்த்து வைப்பதும் படிப்பில்லாமல் என்ன? ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குக் கற்பித்தல் பயிற்சி தந்தார்கள். நடுங்கி நடுங்கிப் படிப்பித்தோம், பிழை விட்டோம், விரிவுரையாளர் பின்வாங்கில் இருந்து குறித்துக்கொண்டார். எங்களைப் பார்த்து யாரும் பைத்தியம் என்று சொல்லவில்லை. வெள்ளைச் சட்டை போட்டவன் பழகினால் பயிற்சி, கரி பூசியவன் பழகினால் பைத்தியமா?

தறி ஓடிய வீடுகளை மறந்துவிட்டோமா? மருதமுனையில் வீட்டோடு தறி இருந்த காலத்தில் அந்தச் சத்தம் சோறு போட்டது. இரும்பைப் பற்றி மட்டும் ஏன் இந்த இளக்காரம்? தாவூத் நபி அலைஹிஸ்ஸலாம் அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்ததையும், கவசத்தின் கண்ணிகளை அளவாகச் செய்யச் சொன்னதையும் சூரா ஸபஃவில் ஓதுகிறோம். ஓதிவிட்டு வெளியே வந்து இரும்பு வேலை செய்பவனைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

சரி, முறைப்பாட்டுக்கு வருவோம். அதில் நியாயம் இருக்கிறது. பொடியனுக்கும் நாங்கள் நேரே சொன்னோம், அவனைப் போல பழகும் மற்றவர்களுக்கும் சொல்கிறோம்.

அந்த வெளிச்சத்தை வெறுங்கண்ணால் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது. சில மணித்தியாலம் கழித்து, நடு இரவில், கண்ணுக்குள் மண் கொட்டியது மாதிரி உறுத்தும். தெருவில் குர்ஆன் மத்ரஸாவுக்குப் போகும் சின்னப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கும். ஆகவே நாலு பக்கமும் தகரத்தால் மறைப்பு வேண்டும். புகை போக மேலே திறந்திருக்க வேண்டும். உனக்கு 10 அல்லது 11ஆம் இலக்கக் கண்ணாடி போட்ட ஹெல்மட் வேண்டும், கறுப்புக் கூலிங் கிளாஸ் காணாது. நைலோன் சேர்ட், செருப்பு, சாரத்தோடு நிற்கக் கூடாது. பருத்தித் துணி, தோல் கையுறை, சப்பாத்து. கெல்வனைஸ் குழாயை ஒட்டாதே, அந்த நாகப் புகை காய்ச்சலில் போடும். பால் குடித்தால் சரியாகும் என்பது வெறும் கதை. வீட்டு பிளக்கில் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் பிளாண்டைக் கொழுவாதே. எலக்ட்ரீஷியனைக் கொண்டு தனி வயர், தனி பிரேக்கர் போடு, ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பார். மழை நாளில், ஈர நிலத்தில் தொடவே தொடாதே.

நேரமும் பேசி முடித்திருக்கிறோம். அஸருக்குப் பிறகு மஃரிபுக்கு முன்னர். நோயாளி இருக்கும் வீட்டார் சொன்னால் அன்று கிரைண்டர் இல்லை. அவன் ஒத்துக்கொண்டான். இனி அயலவர்களும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

பெற்றோருக்கு ஒன்று. தேசிய தொழிற் தகைமை, அதாவது என்.வீ.கியூ, 1ஆம் நிலையிலிருந்து 7ஆம் நிலைவரை போகிறது. ஏழாவது நிலை பட்டத்துக்குச் சமன். வெல்டிங்கிலும் இந்தச் சான்றிதழ் இருக்கிறது. ஏற்கெனவே வேலை தெரிந்தவர் திரும்ப முழுப் பாடநெறி படிக்கத் தேவையில்லை, அனுபவத்தை வைத்து மதிப்பீட்டுக்குத் தோற்றும் வழியும் உண்டு. நைட்டா அலுவலகத்திலோ தொழிற்பயிற்சி அதிகார சபையிலோ நேரில் போய் விசாரியுங்கள். காசுக்குச் சான்றிதழ் எடுத்துத் தருகிறேன் என்பவனிடம் போகாதீர்கள். கடதாசியை வாங்கலாம். டெஸ்ட் அறையில் தகட்டை வளைக்கும்போது அந்தக் கடதாசி உதவாது.

வசதியுள்ளவர்களுக்கு இன்னொன்று. ஹாட்வெயார் கடைகளிலும் இரும்புக் கடைகளிலும் வெட்டி மிஞ்சிய தகட்டுத் துண்டுகளைக் கிலோ விலைக்கு விற்காமல் இந்தப் பொடியன்களுக்குக் கொடுங்கள். வெளிநாட்டில் வெல்டராக இருந்து வந்த காக்காமார் கிழமையில் ஒரு மணித்தியாலம் வந்து பிழை காட்டுங்கள். எங்கள் காக்கா அன்று பத்து நிமிஷம் நின்று அவனுடைய கையின் சரிவை மட்டும் திருத்தினார். அடுத்து ஒட்டிய துண்டை மூன்று பேர் மாறி மாறி அடித்தோம். தகடு மடங்கியது, ஒட்டு விடவில்லை.

பொடியன் சிரிக்கக்கூட இல்லை. அடுத்த துண்டை எடுத்துக் கறள் உரசத் தொடங்கினான்.

பள்ளி நிர்வாகத்துக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான். அவனைக் கூப்பிட்டு ஏசாதீர்கள். மறைப்புக்குத் தகரம் நாலு காணாது என்றான். முடிந்தால் அதைக் கொடுங்கள்.

வஸ்ஸலாம்.