சும்மா நிற்கிற வண்டிதான் சீக்கிரம் கெடும்!

(இரண்டாம் ஆண்டு மாணவன், மெக்கானிக்கல் பிரிவு)



ஆண்டு மலர் என்றால் காதல் கவிதை இருக்கும், வரதட்சணைக் கொடுமை பற்றிக் கட்டுரை இருக்கும், கடைசிப் பக்கத்தில் கடி ஜோக்கும் இருக்கும். நான் ஒரு பழைய லாரியைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். "இவனுக்கு வேற வேலை இல்லையா?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். லாரியைச் சாக்காக வைத்து நம்மைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

கடலூர் முதுநகரில் என் அப்பா வேலை பார்க்கும் ஒர்க் ஷாப்பில் ஒரு லாரி நிற்கிறது. பெயர் சக்திமான். டி.வி.யில் சுழன்று சுழன்று பறந்து வந்தாரே, அவர் இல்லை! ஜெர்மனியின் மான் கம்பெனியிடம் உரிமம் வாங்கி, 1959 முதல் ஜபல்பூரில் நம் ராணுவத்துக்காகத் தயாரான லாரி. நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் விசை போகும். தயாரிப்பு 1990-களில் நின்று விட்டது. ராணுவம் கழித்துப் போட்டதை ஏலத்தில் எடுத்து, பின்னால் கிரேன் பொருத்தி, விபத்தில் கவிழ்ந்த வண்டிகளைத் தூக்குவதற்கு வைத்திருக்கிறார் முதலாளி.

இந்த வண்டியின் பெருமையை நான் சின்ன வயதிலிருந்து கதையாகக் கேட்டவன். 2011 டிசம்பர் 30 காலையில் 'தானே' புயல் நம் கடலூர் பக்கம் கரையைக் கடந்தபோது எனக்கு விவரம் தெரியாத வயது. பலா, முந்திரி, புளி என்று விழாத மரம் இல்லை. ரோடு இருந்த இடமே தெரியவில்லையாம். அப்பாவும் இன்னும் மூன்று பேரும் ஒரு இரும்புச் சேனலை முன் பம்பருக்குக் குறுக்கே வெல்டிங் வைத்து, அறுத்துப் போட்ட கிளைகளை அப்படியே தள்ளிக் கொண்டே போனார்களாம். பின்னாலேயே பால் வண்டியும் ஆம்புலன்சும் வந்ததாம். அப்பா இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு வயதில் கிளீனராக வந்தவர். கையெழுத்துப் போடத் தெரியாது. அந்த ஒரு வாரம் மட்டும் ஊரே அவரை 'மேஸ்திரி' என்று கூப்பிட்டது.

இப்போது கதையின் அடுத்த பாதி.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தை உங்களில் பலர் நேரில் பார்த்திருப்பீர்கள். ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றுக்கு அரிசி, பிஸ்கட் ஏற்றிப் போன வேன் சேற்றில் இறங்கி விட்டது. நம் சக்திமானுக்கு ஆள் வந்தது. "நம்ம வண்டி போகாத எடமா?" என்றார் முதலாளி. நானும் கூடப் போனேன். வேனிடம் போவதற்கு முன்பே சக்திமானும் சேற்றில் உட்கார்ந்து கொண்டது! பின் சக்கரம் இரண்டும் சுற்றுகிறது. முன் சக்கரம் அசையவே இல்லை.

எப்படி அசையும்? முன் ஆக்சிலுக்கு விசை கொண்டு போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் அந்த வண்டியில் இல்லை. டீசல் மிச்சமாகும் என்று நாலைந்து வருடத்துக்கு முன்பே கழற்றச் சொல்லி விட்டார்கள். அது ஷெட்டுக்குப் பின்னால் எருக்கஞ்செடிக்குள் கிடந்தது. அப்பாவுக்கு அது தெரியும். கழற்றியதே அவர்தான். கடைசியில் அந்த ஊர் விவசாயி ஒருவரின் டிராக்டர் வந்து வேனையும் இழுத்தது, எங்கள் லாரியையும் இழுத்தது. சின்னப் பசங்க கை தட்டிச் சிரித்தார்கள். அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை. "புயல்ல வண்டி கெடலடா. சும்மா நின்னு நின்னு கெட்டுது" என்று மட்டும் சொன்னார்.

இந்த ஒரு வார்த்தைதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது.

வருடத்தில் பத்து நாள் மட்டும் தேவைப்படுகிற இயந்திரத்துக்கு மீதி 355 நாளும் பராமரிப்பு வேண்டும். நாம் செய்வது நேர்மாறாக இருக்கிறது. ஓடுகிற பஸ்ஸுக்கு ஆயில் மாற்றுகிறோம். நிற்கிற வண்டியை மறந்து போகிறோம். ஓடுகிற வண்டி கோளாறு வந்தால் சத்தம் போட்டுச் சொல்லும். நிற்கிற வண்டி வாயே திறக்காமல் துருப்பிடிக்கும்.

எங்கள் தெருவில் ஒரு பெரியப்பா இருக்கிறார். எல்லைச் சாலை அமைப்பின் இன்ஜினியர் படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1960-இல் தொடங்கிய அமைப்பு அது. காஷ்மீரிலிருந்து லடாக் போகும் வழியில் ஜோஜிலா கணவாய் இருக்கிறது. பதினோராயிரம் அடிக்கு மேல் உயரம். பனிக் காலத்தில் ரோட்டின் மேல் ஆள் உயரத்தையும் தாண்டிப் பனி கிடக்குமாம். அதை வெட்டித் தள்ளும் வண்டிகளைப் பற்றி அவர் சொல்வார்: "பனி பெய்யறப்ப நாங்க வண்டிய ஓட்டுவோம் தம்பி. வெயில் காலத்துல பிரிச்சு மாட்டுவோம். பனி வந்த பொறவு ஸ்பேனர எடுத்தா வெரல்தான் ஒட்டிக்கும்." முன்பெல்லாம் மாதக் கணக்கில் மூடிக் கிடந்த அந்தப் பாதை, 2025-இல் 32 நாளிலேயே திறந்து விட்டது. ஆட்களும் தயாராக நின்ற இயந்திரங்களும் இல்லாமல் இது நடந்திருக்குமா?

குளிர் நாடுகளில் சாதாரண மக்களே பழைய நான்கு சக்கர இயக்க வண்டியின் முன்னால் இரும்புத் தகடு பொருத்தி, வீட்டு வாசல் பனியைத் தள்ளுவார்களாம். பனியை உருக்க ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்புத் தண்ணீர் அடியில் தெறித்து சேஸிஸை அரித்து விடும். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவர்கள் உப்பைக் காசு கொடுத்து வாங்கிக் கொட்டுகிறார்கள். நமக்கு வங்காள விரிகுடா இலவசமாகக் கொடுக்கிறது! கடலூர் முதுநகர் காற்றில் ஒரு வருடம் நின்ற இரும்பை விரலால் சுரண்டினாலே பொடியாய் உதிரும். நோய் ஒன்று என்றால் வைத்தியமும் ஒன்றுதான். நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவு, காய வை, கிரீஸ் அடி.

2025 பொங்கல் முடிந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வண்டியைப் பிரித்தோம். "படிச்ச புள்ள கையில கிரீஸ் படக் கூடாதுடா" என்று அப்பா முதல் வாரம் என்னை விரட்டி விட்டார். எங்கள் வம்சத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அம்மா மீன் கூடை சுமந்த காசில்தான் சிதம்பரத்துக்குத் தினமும் ரயிலேறி வருகிறேன். அவருடைய பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அடுத்த வாரமும் போய் நின்றேன்.

அங்கே நான் கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

டிரான்ஸ்ஃபர் கேஸ் என்கிற பெட்டிதான் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்து அனுப்புகிறது. அதன் அடி நட்டைக் கழற்றியதும் முதலில் வந்தது வெறும் தண்ணீர்! அதன் பிறகுதான் பால் விட்ட டீ நிறத்தில் ஆயில் வந்தது. தண்ணீர் ஆயிலை விடக் கனம் என்பதால் அடியில் போய் உட்கார்ந்து விடுகிறது. கியர் ஆயில் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்து விட்டது என்று அர்த்தம். உடனே வடித்து மாற்றா விட்டால் பேரிங் போய் விடும்.

தண்ணீர் எப்படி உள்ளே போனது? அப்பா சொன்னார்: "சூடான ஆக்சில் தண்ணியில எறங்குனா மூச்சு இழுக்கும்டா." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் முதலாம் ஆண்டு வாயு விதிதானே இது! ஓடிய ஆக்சிலுக்குள் காற்று சூடாக இருக்கிறது. குளிர்ந்த வெள்ளத்தில் இறங்கியதும் உள்ளே அழுத்தம் குறைகிறது. ஆயில் சீல் வழியாகவும், மேலே உள்ள மூச்சுத் துவாரம் வழியாகவும் வெளித் தண்ணீரை இழுத்துக் கொள்கிறது. அந்த மூச்சுத் துவாரத்தில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையைக் கேபின் உயரத்துக்குக் கொண்டு போய்க் கட்டினார் அப்பா. இனி அது தண்ணீரை இழுக்காது, காற்றைத்தான் இழுக்கும். பரீட்சையில் அந்த விதியை எழுதி மார்க் வாங்கியவன் நான். வாழ்க்கையில் அதைப் பயன்படுத்தியவர் அவர். இரண்டு பேரில் இன்ஜினியர் யார்?

நான்கு சக்கர லீவரும் இறுகிப் போயிருந்தது. வருடக் கணக்கில் தொடாததால் உள்ளே நகர வேண்டிய ஃபோர்க் துருப்பிடித்து நின்று விட்டது. மாதம் ஒரு தடவையாவது அதைப் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்ட வேண்டும். ஆனால் தார் ரோட்டில் கூடாது. வளைவில் திரும்பும்போது முன் சக்கரம் பின் சக்கரத்தை விட அதிக தூரம் ஓடுகிறது. இந்த மாதிரிப் பழைய வண்டியில் இரண்டு ஆக்சிலும் ஒன்றாகப் பூட்டப்பட்டு விடும். மணலிலும் சேற்றிலும் டயர் சறுக்கி அந்த வித்தியாசத்தைச் சரி செய்து கொள்ளும். தாரில் சறுக்காது. பாரம் முழுவதும் கியரின் மேலும் ஷாஃப்ட்டின் மேலும் விழும். ஆகவே எங்களுக்குச் சோதனை ரோடு கடற்கரை மணல்தான்!

எருக்கஞ்செடியிலிருந்து எடுத்த ஷாஃப்ட்டில் யூ-ஜாயின்ட் கிராஸ் இரண்டும் இறுகிக் கிடந்தன. அப்பா நூல் வைத்து அளந்தார். நான் வெர்னியரில் அளந்து எழுதிக் கொடுத்தேன். அந்தச் சீட்டோடு சென்னை புதுப்பேட்டைக்குப் போனோம். நான்காவது கடையில் வேறொரு லாரியின் கிராஸ் அச்சாகப் பொருந்தியது. கடைக்காரர் சீட்டைப் பார்த்து, "யார்ப்பா அளந்தது?" என்று கேட்டார். அப்பா என்னைக் காட்டி, "எம் புள்ள. டிப்ளமோ படிக்கறான்" என்றார். நண்பர்களே, முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்று கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை.

"இவ்வளவு பாடு எதுக்குடா? காயலான் கடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்க வேண்டியதுதானே?" என்று ஹாஸ்டல் நண்பன் கேட்டான். அவன் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. 15 வருடம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவை 2023 ஏப்ரல் முதல் புதுப்பிப்பதில்லை என்று மத்திய அரசே விதி செய்திருக்கிறது. பிரேக் பிடிக்காத, புகை கக்குகிற வண்டியைப் பாசத்துக்காக ரோட்டில் விடக் கூடாது. நானும் ஒப்புக் கொள்கிறேன். எங்கள் சக்திமானும் ஒரு நாள் போக வேண்டியதுதான். ஆனால் ஒன்று கேட்கிறேன். அன்று சேற்றில் மாட்டியது வண்டி கிழடு என்பதாலா? ஷாஃப்ட்டைக் கழற்றிப் போட்டால் நேற்று ஷோரூமிலிருந்து வந்த வண்டியும் மாட்டத்தான் செய்யும். பராமரிக்கத் தெரியாதவனுக்குப் புது வண்டி கொடுத்தால், அது ஐந்து வருடத்தில் பழைய வண்டி!

நம்மிடம் ஒரு நோய் இருக்கிறது. 'டிசைன்' என்றால் மரியாதை, 'ரிப்பேர்' என்றால் இளக்காரம். ஒர்க் ஷாப் பிராக்டிகலில் சட்டை அழுக்காகக் கூடாது என்று ஓரமாய் நிற்கிறோம். ஆனால் நெய்வேலியிலும் ஒரகடத்திலும் ஓசூரிலும் நமக்குக் காத்திருக்கிற வேலையில் பெரும்பகுதி பராமரிப்பு வேலைதான். அதை மட்டம் என்று நினைத்துக் கொண்டே போனால் அங்கே என்ன செய்யப் போகிறோம்?

நம் மாணவர் மன்றத்துக்கு மூன்று யோசனை சொல்கிறேன்.

ஒன்று: ஐப்பசி அடைமழைக்கு முன்பு, ஆவணியிலோ புரட்டாசியிலோ ஒரு வாரத்தைப் பராமரிப்பு வாரமாக வைப்போம். சுற்றுக் கிராமங்களின் டிராக்டர், ஜெனரேட்டர், தண்ணீர் இறைக்கும் இன்ஜின், மீனவர் படகு இன்ஜின் ஆகியவற்றைச் சும்மா சோதித்துக் கொடுப்போம். ஆயில் பார்க்க, ஃபில்டர் கழுவ, பேட்டரி டெர்மினல் சுத்தம் செய்ய நமக்குத் தெரியாதா?

இரண்டு: ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நோட்டுப் போட்டு, என்ன செய்தோம் என்று தேதியோடு தமிழில் எழுதி வைப்போம். அடுத்த செட் மாணவர்கள் அதிலிருந்து தொடரட்டும். என் அப்பா மாதிரி ஆட்களின் தலைக்குள் இருக்கிற பாடம் அவர்களோடு போய் விடக் கூடாது.

மூன்று: வருடத்தில் ஒரு நாள், அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்து, மாலை போட்டு மேடையில் உட்கார வைத்துப் பேசச் சொல்வோம். நாம் கீழே உட்கார்ந்து குறிப்பெடுப்போம்.

மழை நம்மைக் கேட்டு வராது. புயலுக்கு நம் செமஸ்டர் தேதி தெரியாது. அது வரும்போது லீவரைப் போட்டால் முன் சக்கரம் சுற்ற வேண்டும்; அவ்வளவுதான் கேள்வி.

கடைசி ஞாயிற்றுக்கிழமை சோதனை ஓட்டத்துக்குக் கடற்கரை மணலில் வண்டியை இறக்கினோம். அப்பா லீவரைப் போட்டார். நான்கு சக்கரமும் மணலைக் கவ்வி ஏறியது. கீழே இறங்கியவர் ஒன்றும் பேசவில்லை. கிரீஸ் கன்னை என் கையில் கொடுத்து, "முன் பக்கம் ஒரு நிப்பிள் பாக்கி இருக்கு, பாரு" என்றார்.

போய்க் குனிந்தேன். சட்டையெல்லாம் கிரீஸ். அவர் விரட்டவில்லை.