மணி அடித்தால் எடுக்கத்தான் வேண்டுமா?

டெலிபோன் மணி அடித்தவுடன் ஓடிப் போய் எடுக்காவிட்டால் ஏதோ குற்றம் செய்துவிட்டது போல மனம் குறுகுறுப்பது நம்மில் அநேகருக்கு வழக்கம். இந்த நல்ல வழக்கத்தையே மூலதனமாக வைத்து வியாபாரம் நடத்தியவர்கள் அமெரிக்காவில் இருந்தார்கள். அவர்களுடைய வலையில் நமக்கு வேண்டிய பெரியவர் ஒருவர் அகப்பட்டுக் கொண்ட கதையை இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்ல உத்தேசித்திருக்கிறோம். அவருடைய சம்மதத்தைப் பெற்றே எழுதுகிறோம். "பெயரை மாத்திரம் போட்டுவிடாதீர், வாத்தியாரே!" என்பது அவர் விதித்த நிபந்தனை.

2022-ம் வருஷத்துக் கோடை விடுமுறையில் நியூ ஜெர்ஸியில் உள்ள நம் தமக்கையின் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தோம். தமக்கையும் அவள் கணவரும் காலையில் உத்தியோகத்துக்குப் போனால் மாலையில்தான் திரும்புவார்கள். பகல் முழுதும் வீட்டில் இருப்பவர் தமக்கையின் மாமனார் ஒருவரே. அப்போது அவருக்கு வயது 78. நம் நாட்டில் டெலிபோன் இலாகாவில் 30 வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மணி அடிக்க அடிக்க எடுக்காமல் உட்கார்ந்திருப்பது அவரால் ஆகாத காரியம். அதோடு, பகலெல்லாம் பேச ஆள் இல்லாத வீட்டில் மணி அடிப்பதே ஒரு விசேஷம் அல்லவா?

ஆனால் கூப்பிட்டவர்கள் உறவினர்கள் அல்ல. தினம் மூன்று தடவை, நான்கு தடவை, ஒரு பெண் குரல், "உங்கள் காரின் வாரண்டி முடியப் போகிறது, இதுவே கடைசி அறிவிப்பு" என்று சொல்லும். அது பதிவு செய்து வைத்த குரல் என்பது தெரியாமல், முதல் நாள் பெரியவர் "நமஸ்காரம் அம்மா, சௌக்கியமா?" என்று கேட்டிருக்கிறார். இதைக் கேட்டு மகன் விழுந்து விழுந்து சிரித்தாராம். அந்தச் சிரிப்பை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வாரண்டி என்பது என்ன? புதுக் கார் வாங்கினால், அதைச் செய்த கம்பெனியே ஒரு குறிப்பிட்ட காலம் வரையில் பழுதுகளைத் தன் செலவில் சரி செய்து கொடுக்கும். அங்கே பல கார்களுக்கு அது 3 வருஷம் அல்லது 36,000 மைல். இந்த உத்தரவாதம் காரின் விலையிலேயே அடங்கியது. அந்தக் காலம் கழிந்த பிறகு, வேண்டியவர்கள் தனியாகப் பணம் கட்டிப் பழுதுபார்க்கும் ஒப்பந்தம் ஒன்று செய்துகொள்ளலாம். அதை நாணயமாக விற்பவர்களும் உண்டு. ஆனால் அது வாரண்டி ஆகாது. மோசக்காரர்கள் 'வாரண்டி' என்ற சொல்லையே பிடித்துக் கொண்டிருந்ததற்குக் காரணம், புதிதாக ஒன்றை வாங்கச் சொன்னால் யாரும் தயங்குவார்கள். கையில் உள்ளது போகப் போகிறது என்றால் பதறுவார்கள்.

ஒரு நாள் மாலை நாம் பெரியவருடன் உலாவப் போயிருந்தோம். மனிதர் ஐந்தாறு நாட்களாகவே சரியாகச் சாப்பிடவில்லை. பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்ததும் மெதுவாக ஆரம்பித்தார்.

"வாத்தியாரே, நான் ஒரு அசட்டுக் காரியம் செய்துவிட்டேன். பிள்ளையிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது."

அந்தக் குரல், பேச விரும்பினால் ஒன்றை அழுத்தவும், விரும்பாவிட்டால் இரண்டை அழுத்தவும் என்று சொல்லுமாம். இவர் மரியாதையாக இரண்டை அழுத்தினார். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. அதன் பிறகுதான் அழைப்புகள் அதிகமாயின! எந்த எண்ணை அழுத்தினாலும், 'இந்த முனையில் ஓர் ஆள் இருக்கிறார், காது கொடுக்கிறார்' என்பது மறுமுனைக்குத் தெரிந்துவிடுகிறது. கடைசியில் சலித்துப் போய் ஒன்றை அழுத்தினார். ஓர் ஆண் பேசினான்.

"கூப்பிட்ட எண்ணைப் பார்த்தேன். முதல் ஆறு எண்களும் என்னுடைய எண்ணில் உள்ளவையே. அப்படியானால் பக்கத்து வட்டாரம்தானே? எங்கள் காலத்தில் எக்ஸ்சேஞ்ச் எண் பொய் சொல்லாது, வாத்தியாரே!"

அவர் சொன்னது உண்மை. கம்பி போட்ட காலத்தில் எண் என்றால் அது ஓர் இடத்தைக் குறிக்கும். இப்போதோ, எங்கிருந்தோ பேசுகிறவன் எந்த எண்ணையும் முகமூடியாகப் போட்டுக்கொள்ள முடிகிறது. தொழில் தெரியாத நாமாக இருந்தால் எண்ணைக் கவனித்தே இருக்க மாட்டோம். அவரை ஏமாற்றியது அவருடைய தொழில் ஞானம்.

"உங்கள் கார் விவரம் எங்களிடம் இருக்கிறது. சரி பார்க்க வேண்டும், சொல்லுங்கள்" என்றானாம் அந்த ஆள். இவர் காரின் பெயர், வருஷம், ஓடிய மைல் எல்லாம் சொன்னார். "ஆமாம், எல்லாம் சரியாக இருக்கிறது" என்றானாம் அவன்! ஒப்பந்தத்தைக் காகிதத்தில் அனுப்பும்படி இவர் கேட்டதற்கு, முன்பணம் கட்டிய பிறகுதான் அனுப்புவோம், இந்த விலை இன்று ஒரு நாள்தான் என்று பதில். மளிகைச் சாமானுக்கென்று மகன் கொடுத்து வைத்திருந்த கிரெடிட் கார்டின் எண்ணைப் படித்துக் காட்டிவிட்டார். 395 டாலர் போயிற்று. காகிதம் வரவேயில்லை.

அன்றிரவே தமக்கையிடம் சொன்னோம். அவள் ஒரு வார்த்தை கூடக் கடிந்து பேசவில்லை. கார்டின் பின்புறத்தில் அச்சிட்டிருந்த எண்ணுக்குப் பேசினாள். பழைய கார்டை அப்போதே ரத்து செய்தார்கள். பணத்தைப் பற்றி ஆட்சேபம் எழுதிக் கொடுத்தாள். மத்திய வர்த்தகக் கமிஷனுக்கும் புகார் அனுப்பினாள். இரண்டு மாதம் கழித்துப் பணம் திரும்பிற்று. அவள் கணவர் மட்டும், "எத்தனை தடவை சொன்னேன், அப்பா!" என்று தொடங்கினார். தமக்கை பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். அந்தப் பழைய சிரிப்பு இல்லாதிருந்தால் பெரியவர் அன்றைக்கே சொல்லியிருப்பார். கார்டு ஐந்தாறு நாள் திருடன் கையில் திறந்து கிடந்திராது.

பிற்பாடு வெளிவந்த விவரங்களைப் படித்தபோது நமக்குத் தலை சுற்றிற்று. ஒரே ஒரு கூட்டத்தார், 2021-ல் மூன்று மாத காலத்துக்குள், 50 கோடிக்கு மேற்பட்ட எண்களுக்கு 500 கோடிக்கு மேற்பட்ட அழைப்புகளை ஏவியிருந்தார்கள். காட்டிய எண்கள் பத்து லட்சத்துக்கும் அதிகம். அந்த தேசத்தின் ஜனத்தொகையே சுமார் 33 கோடிதான்! 2022 ஜூலையில், அமெரிக்கத் தகவல் தொடர்புக் கமிஷன் இந்தக் கூட்டத்தாரின் அழைப்புகளைச் சுமக்கக் கூடாதென்று டெலிபோன் கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. அதன் பின் கார் வாரண்டித் தொல்லை வெகுவாகக் குறைந்தது. 2023 ஆகஸ்டில் கிட்டத்தட்ட 30 கோடி டாலர் அபராதமும் விதிக்கப்பட்டது. விதிப்பது வேறு, வசூலிப்பது வேறு என்பது வரி கட்டும் நமக்குத் தெரியாததல்ல. முக்கியஸ்தர்கள் இருவர், டெலிபோனில் சரக்கு விற்கவே கூடாதென்று ஏற்கெனவே ஆயுள் முழுவதுக்கும் தடை செய்யப்பட்டவர்களாம்.

அமெரிக்காவில் மக்களையோ பெற்றோரையோ வைத்திருக்கும் நேயர்களுக்காக ஒரு விஷயம். எழுத்து மூலம் சம்மதம் தராதவரிடம் பதிவு செய்த குரலைக் கொண்டு வியாபாரம் பேசுவது அங்கே 2009 செப்டம்பர் முதல் சட்ட விரோதம். ஆகவே குரல் பதிவு என்று தெரிந்தாலே போதும். மேற்கொண்டு கேட்க வேண்டியதில்லை. 'என்னைக் கூப்பிட வேண்டாம்' என்று எண்ணைப் பதிந்து வைக்கும் ஏற்பாடு 2003 முதல் இருக்கிறது. நாணயமுள்ள வியாபாரி அதற்குக் கட்டுப்படுவான், திருடன் கட்டுப்படுவானா? பதில் சொல்லாமல் வைத்துவிடுவதே வழி. பேசுகிறவரை நடுவில் வெட்டிவிட்டு வைப்பது அநாகரிகம் என்று நம் பெரியவர்கள் கூசுகிறார்கள். கதவைத் தட்டித் திருட வந்தவனுக்கு மோர் கொடுத்து வழியனுப்ப வேண்டுமா? நம் ஊரில் காருக்குப் பதில் பாங்குக் கணக்கு முடங்கும் என்று பயமுறுத்துகிறார்கள். இங்கே பணம் போய்விட்டால் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

பெரியவர் இப்போது தெரியாத எண் என்றால் எடுப்பதில்லை. செய்தி சொல்லி வைக்கும்படி விட்டுவிடுகிறார். சென்ற தீபாவளிக்கு நாம் வேறொருவருடைய டெலிபோனிலிருந்து கூப்பிட்டோம். மணி அடித்து ஓய்ந்தது. பெயரைச் சொல்லி வைத்தோம். அரை நிமிஷத்துக்குள் அவரே நம்முடைய எண்ணுக்குக் கூப்பிட்டு, "நமஸ்காரம் வாத்தியாரே, சௌக்கியமா?" என்றார்.