விதைக் கிழங்குக்காகக் காட்டைத் தோண்டுவதா?

செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். ஆனால், கண்வலிக் கிழங்கு என்றால்தான் கிராமத்தில் தெரியும். இதன் விதையிலும் கிழங்கிலும் 'கோல்சிசின்' என்ற பொருள் இருக்கிறது. அளவு மீறினால் அது உயிரைக் குடிக்கும் நஞ்சு. அளவோடு கொடுத்தால் 'கௌட்' எனும் மூட்டு வலிக்கு மருந்து. மூலனூர், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி, வேதாரண்யம் வட்டாரங்களில் இது பணப்பயிர். விதை வெளிநாடுகளுக்குப் போகிறது.

அந்த வட்டாரங்களில் காணியை விட்டுவிட்டுப் பெங்களூருக்குப் பிழைக்க வந்தவர்கள் உண்டு. மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்பும் சம்பளப் பணம் எங்கே போகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். முதல் ஆண்டுச் செலவில் பெரும் பங்கை விதைக் கிழங்கே விழுங்கி விடுகிறது!

காரணம் என்ன? கலப்பை போல வளைந்த இந்தக் கிழங்கு நுனியில்தான் முளைக்கும். நுனி ஒடிந்தால் கிழங்கு வீண். ஒரு பருவத்துக்கு ஒன்று, இரண்டாவதே பெரிது. தேவையோ அதிகம். எனவே காட்டிலும் வேலியோரத்திலும் தோண்டி எடுக்கிறார்கள். இப்படியே போனால் மாநில மலரைப் படத்தில்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

இதற்கு மாற்று வழி திசு வளர்ப்பு. செடியின் குருத்து நுனியைக் கிருமி நீக்கி, சத்துக் கூழ் நிரப்பிய கண்ணாடிக் குப்பியில் வைக்கிறார்கள். ஒரு துளிரிலிருந்து பல துளிர்கள் கிளைக்கின்றன. வேர் விட்டதும் நிழல் கூடத்தில் பழக்கி மண்ணுக்கு மாற்றுகிறார்கள். இது புதிய வித்தை அல்ல. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சந்தனத்தைத் திசுவிலிருந்து வளர்த்துக் காட்டியது 1979-ம் ஆண்டிலேயே!

திசு வாழை தோட்டந்தோறும் வந்துவிட்டதே, மூலிகைக்கு ஏன் இந்தத் தாமதம்? வாழைக்கன்றை வாங்க ஆயிரக்கணக்கானோர் காத்திருக்கிறார்கள். தனியார் கம்பெனிகள் போட்டி போட்டு விற்கின்றன. மூலிகைக்குச் சந்தை சிறிது. அதோடு, குப்பியில் பிறந்த கிழங்கு மிகச் சிறியது. காய்க்கும் அளவுக்குப் பருக்க வைக்கக் காலமும் செலவும் பிடிக்கும். லாபம் பார்ப்பவர் அதற்குக் காத்திருக்க மாட்டார்.

ஆகவே அந்த இடைக்காலச் சுமையை அரசுதான் ஏற்க வேண்டும். தேசிய மருத்துவத் தாவர வாரியம் 2000-ம் ஆண்டு முதல் இருக்கிறது. திசுக் கன்றுகளுக்குச் சான்று தரும் ஏற்பாடு 2006-ல் வந்தது. கிழங்கைப் பருக்க வைக்கும் நாற்றங்கால்களை அந்தந்த வட்டாரத்திலேயே அமைத்து, சான்றுள்ள கிழங்கைக் கட்டுப்படியான விலைக்குக் கொடுக்க வேண்டும். தாய்ச் செடிகளையும் பல இடங்களிலிருந்து எடுக்க வேண்டும். ஒரே தாயின் பிள்ளைகளானால், ஒரு நோய் வந்தால் எல்லாமே போய்விடும்.

ஆராய்ச்சி குப்பிக்குள்ளேயே நின்றுவிட்டால் அதனால் உழவனுக்கும் பயனில்லை; காட்டுக்கும் பயனில்லை. அது வயலுக்கு வந்து சேர வேண்டும்.